குழி தோண்டாமல் காட்டு நிலத்தை வகைப்படுத்தாதீர்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கோயில் காட்டை ஒட்டி ஐந்து ஏக்கர் நிலம். கன்று நட்டுக் காட்டை விரிவாக்கலாம் என்று எங்களை அழைத்திருந்தார்கள். காலால் மண்ணைக் கிளறினோம், சிவப்பாக இருந்தது. 'செம்மண் மேடு, வறண்ட நிலம்' என்று எழுதிக்கொண்டு, பக்கத்துக் காட்டில் இருந்த வீரை, காசான், உலக்கைப்பாலைக் கன்றுகளை நிலம் முழுக்க ஒரே மாதிரி நட்டோம். கார்த்திகை மழை ஓய்ந்ததும் கிழக்கோரச் சரிவின் அடியில் இருந்த கன்றுகள் வரிசையாக மஞ்சளடித்துச் செத்தன. அங்கே ஆடு மேய்க்கும் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இங்க கார்த்திகை முழுக்கத் தவளை கத்துமே, கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

அப்புறம்தான் கடப்பாரையை எடுத்தோம். ஒன்றரை அடி வரை செம்மண். அதன் கீழே சாம்பல் நிறக் களிமண், நடுநடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். தண்ணீர் நின்று காற்று புகாத மண்ணில் இரும்பு தன் சிவப்பை இழக்கும், மண் சாம்பல் பூக்கும். தண்ணீர் வடியும்போது வேர் போன வழியில் காற்று நுழையும், அங்கே மட்டும் துரு ஏறும். ஆண்டில் சில வாரம் இங்கே தண்ணீர் நிற்கிறது என்று அந்த நிலம் தானே எழுதி வைத்திருந்த குறிப்பு அது. நாங்கள்தான் படிக்கவில்லை.

மேல்மண்ணின் நிறத்தை வைத்தே நிலத்துக்குப் பெயர் வைப்பதுதான் நான் பார்த்தவரை அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு மீட்டர் ஆழத்துக்காவது குழி வேண்டும், அதுவும் ஓரிடத்தில் போதாது. மேட்டில் ஒன்று, சரிவின் நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. எத்தனை அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) வருகிறது, எங்கே பாறை தட்டுகிறது, கல் எவ்வளவு கலந்திருக்கிறது, வேர்கள் எந்த ஆழத்தில் நின்றுவிடுகின்றன என்று பாருங்கள். சுக்கானா என்று சந்தேகம் வந்தால் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் போதும், சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி மண் எடுத்து, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரித் தள்ளுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் அறுந்துபோகாமல் நீண்டால் களிமண். உருண்டைகூடப் பிடிக்க வராமல் உதிர்ந்தால் மணல். பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பும்போது எல்லா அடுக்கையும் ஒரே பையில் கலந்துவிடாதீர்கள், தோண்டிய பலனே போய்விடும்.

அடுத்தது, மழையளவை மட்டும் நம்புவது. இந்தியக் காடுகளை 16 பெரும் வகைகளாகப் பிரித்து, சாம்பியன், சேத் என்ற இரு வனவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட பட்டியலைத்தான் நம் வனத்துறை இன்றும் பயன்படுத்துகிறது. அதற்கு அடிப்படை பெரும்பாலும் தட்பவெப்பம். நாடு முழுவதற்குமான வரைபடத்துக்கு அது சரி, ஐந்து ஏக்கருக்குப் போதாது. சோழமண்டலக் கரையில் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். முதுமலையின் நடுப்பகுதியிலும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் பெரும்பகுதி தென்மேற்குப் பருவத்தில். கரையோரத்து வீரையும் காசானும் கோடையிலும் பச்சையாக நிற்கின்றன. முதுமலைத் தேக்கும் வெக்காலியும் இலையை முழுக்க உதிர்க்கின்றன. எவ்வளவு பெய்தது என்பதோடு எப்போது பெய்தது, எங்கே தங்கியது என்பதும் வேண்டும்.

எங்கே தங்கியது என்பதை நில அமைப்புதான் சொல்லும். கூடலூரிலிருந்து கிழக்கே மசினகுடியைத் தாண்டிப் போகப் போக மழை குறைந்து, உசிலும் வெள்வேலுமாக முட்காடு வந்துவிடும். ஆனால் அந்த முட்காட்டின் நடுவே மாயாற்றங்கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் ஓங்கி நிற்கும். வானத்து மழை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே ஒரு நிலத்துக்கு ஒரே பெயர் என்று முடித்துவிடாதீர்கள். முகடு, மேல்சரிவு, அடிச்சரிவு, ஓடைக்கரை என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பிரியுங்கள்.

ஈரத்தையும் வளத்தையும் ஒன்றாகக் குழப்புவதும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டு நிலத்தைத் தரம் பிரிக்கும்போது ஈரத்துக்கு 0 முதல் 8 வரை ஓர் அளவு, மண்வளத்துக்குத் தனியாக இன்னோர் அளவு. எளிய முறை, இங்கேயும் உதவும். தண்ணீர் நிற்கும் களர் நிலத்தில் ஈரம் இருக்கும், வேருக்கு வாழ்வு இருக்காது. கார அமில நிலை (pH) 8.5க்கு மேலா என்று சோதிக்காமல் அங்கே கன்று நடக்கூடாது. ஆனால் வடக்கு நாட்டுப் புத்தகங்களில் வரும் 'தெற்குச் சரிவு வறண்டது' என்ற விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுகிறது. இங்கே பெரிய வித்தியாசம் காற்று எந்தப் பக்கம் முட்டுகிறது என்பதில்தான். ஆனைமலையில் வால்பாறைப் பக்கம் மழைக்காடு, மழை மறைவான அமராவதிப் பக்கம் முட்புதர்.

என்னை உண்மையிலேயே வருத்துவது, நிற்கிற செடியைப் பார்த்தே நிலத்தை முடிவுகட்டும் பழக்கம். சீமைக்கருவேல் நிற்பதால் அது முட்காட்டு நிலம் ஆகிவிடாது. வெட்டும் தீயும் மேய்ச்சலும் சேர்ந்து நல்ல இலையுதிர் காட்டையும் புதராக்கிவிடும். சாம்பியன்–சேத் பட்டியலே இப்படிப்பட்டவற்றைச் 'சிதைவு நிலை' என்று தனியாகக் குறிக்கிறது. பாலைக்குத் தனி நிலம் கொடுக்காமல், முல்லையும் குறிஞ்சியும் திரிந்த நிலை என்று வைத்த நம் திணை மரபும் இதையேதான் பார்த்திருக்கிறது. நிலத்தின் தன்மை வேறு, அதற்கு நேர்ந்தது வேறு.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது: மரம் இல்லாத இடத்தையெல்லாம் அழிந்த காடு என்று எண்ணுவது. நீலகிரி மலையுச்சியில் சோலை எனும் குட்டையான பசுமைக் காடு, மலை மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும், வெளிச்சரிவெல்லாம் புல். அந்தப் புல்வெளியை வீண் நிலமென்று நினைத்துச் சீகை எனும் வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் நட்டார்கள். அங்கேயுள்ள சேற்றுப் படிவுகளை ஆராய்ந்ததில் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்தது தெரிகிறது. திறந்த வெளியின் உறைபனியைச் சோலைக் கன்றுகள் தாங்குவதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடும் அப்படித்தான். செம்மணல் மேட்டில் பனையும் குடைவேலும் தள்ளித் தள்ளி நிற்பது அந்த நிலத்தின் இயல்பு, குறை அல்ல.

ஒரே நாளில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கார்த்திகையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை போங்கள். சித்திரையில் கரிசலில் விரல் நுழையும் வெடிப்பு எங்கே, எந்த ஓடையோரத்தில் இன்னும் பச்சை இருக்கிறது என்று குறியுங்கள். கார்த்திகையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கிணறு வெட்டியவரையும் ஆடு மேய்ப்பவரையும் கட்டாயம் கேளுங்கள்.

விழுப்புரத்தில் அந்த அடிச்சரிவை மட்டும் தனியாகப் பிரித்து, மறு ஆண்டு நீர்மருது, நாவல், நீர்க்கடம்பு வைத்தோம். கார்த்திகையில் அவற்றின் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. தவளையும் கத்துகிறது.