டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்: குடியேறும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்னும் கணினி விளையாட்டில் ஏழு குள்ளர்கள் கோட்டை அமைக்க ஒரு வண்டியுடன் வசந்தகாலத் தொடக்கத்தில் வந்து இறங்குகின்றனர். இறங்கியபின் கோட்டையை வேறிடத்துக்கு நகர்த்த வழியில்லை. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, 2022 டிசம்பரில் படங்களுடனும் பயிற்சிப் பகுதியுடனும் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டு விற்பனைத் தளத்துக்கு வந்தபோது, எழுத்துக்குறிகளாலான பழைய திரையைக் கண்டு தயங்கிய நம் இளையர்கள் பலருக்கும் அதனுள் நுழைய வழி கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் இடம் தேடும்போது முதலில் பார்ப்பது அங்கே என்னென்ன செல்வம் இருக்கிறது என்பதைத்தான். எந்தக் குறையைப் பின்னால் சரிசெய்ய முடியாது என்று பார்ப்பதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. உலோகத்தை வணிகர்களிடம் வாங்கலாம். தட்பவெப்பத்தை யாரிடமும் வாங்க முடியாது.

தட்பவெப்பத்தில்தான் சிங்கப்பூரில் வளர்ந்த நாம் எளிதாகச் சறுக்குகிறோம். ஆண்டின் இறுதி என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மெக்ரிச்சி நீர்த்தேக்கம் ஒருநாள் உறைந்துபோகும் என்று நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. அதனால் குளிர்ப்பகுதியில் ஓர் ஓடையைக் கண்டதும் தண்ணீருக்குக் கவலையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். குளிர்காலம் வந்ததும் அந்த ஓடை பனிக்கட்டியாகிவிடுகிறது. நலமாக இருக்கும் குள்ளர்கள் மதுவைக் குடித்தே காலம் தள்ளுவார்கள் என்பதால் இதன் விளைவு உடனே தெரியாது. சுரங்கத்தில் கால் முறிந்து ஒருவர் படுக்கையில் கிடக்கும்போதுதான் தெரியும். படுத்திருப்பவருக்கு மற்றவர்கள் தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள், காயத்தைக் கழுவவும் தண்ணீர்தான் வேண்டும். கிடங்கில் மது நிறைந்திருக்கும்போதே அவர் தாகத்தால் இறக்க நேரிடும். குளிர்ப்பகுதியில்தான் குடியேற வேண்டும் என்றால், கோடை முடிவதற்குள் ஓடைநீரைத் தரைக்கடியில் தோண்டிய தொட்டிக்குத் திருப்பிவிட்டு, அதன்மேல் கிணறு அமைத்துக்கொள்ளுங்கள். மிக வெப்பமான இடங்களில் சிக்கல் வேறுவிதமானது: சிறு குட்டைகள் வற்றிவிடும்.

அக்விஃபர் என்ற சொல்லைத் திரையில் கண்டதும் அந்த இடத்தையே ஒதுக்கிவிடுவது இன்னொரு தவறு. நிலத்தடி நீர் ஊறும் இந்த அடுக்கு ஒரு காலத்தில் புதியவர்களின் கோட்டைகளை மூழ்கடித்தது உண்மைதான். ஆனால் 2020இல் வந்த பதிப்பிலிருந்து இலேசான அக்விஃபர், கடுமையான அக்விஃபர் என இரண்டு வகைகள் உள்ளன. இலேசான வகையில் நீர் மெல்லக் கசிவதால், படிக்கட்டைவிட ஒரு கட்டம் அகலமாகத் தோண்டி, சுற்றிலும் கல்லாலோ மரத்தாலோ சுவர் எழுப்பி, நீர் ஊறும் ஒவ்வொரு தளத்திலும் அதையே செய்துகொண்டு கீழே இறங்கிவிடலாம். அப்படிச் செய்தவருக்குக் குளிர்காலத்திலும் உறையாத, என்றும் வற்றாத நீர் கையில் இருக்கும். கடுமையான வகை அப்படிப்பட்டதன்று. அதன் நீர் வெள்ளமாகப் பாய்வதால் முதல் சில கோட்டைகளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

நிலத்தின் இயல்பைக் கூறும் வரியைப் பலர் படிக்காமலே கடந்துவிடுகின்றனர். தீமை குடிகொண்ட பகுதிகள் சிலவற்றில் இறந்த உடல் மட்டுமல்லாமல், இறைச்சிக்காக அறுத்த விலங்கின் தோலும் முடியும்கூட உயிர்பெற்று எழுந்து அறுத்தவரையே தாக்கும். ஏழு பேரை வைத்துக்கொண்டு அதைச் சமாளிப்பது மிகக் கடினம். ஒரே மனையில் இரண்டு மூன்று பயோம்கள், அதாவது வெவ்வேறு இயற்கைச்சூழல் கொண்ட பகுதிகள், கலந்திருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொன்றின் விவரத்தையும் தனித்தனியே பாருங்கள். நீங்கள் பார்த்த பகுதி அமைதியாக இருக்க, அதன் ஓரத்தை ஒட்டிய பகுதி தீயதாக இருக்கலாம்.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உலோகம் உண்டு என்பதாலேயே இரும்பு உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். எஃகு உருக்க விரும்புபவருக்கு இரும்புத்தாதும் எரிபொருளும் இருந்தால் போதாது, சுண்ணாம்புக்கல், டோலமைட், பளிங்கு போன்ற, உருக்குவதற்கு உதவும் ஃபிளக்ஸ் கல்லும் தேவை. படிவுப்பாறை அடுக்குள்ள இடங்களில் இவை சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இடத்தின் பரப்பை ஆசைக்காகப் பெருக்குவதும் வேண்டாம். இயல்பான 4x4 அளவே (வரைபடத்தில் நான்குக்கு நான்கு சதுரம்) ஒவ்வொரு தளத்திலும் 192x192 கட்டங்களைக் கொண்டது. அதை 6x6 ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது; கோட்டையில் நூறு பேர் சேரும் நாளில் சாதாரண மடிக்கணினி திணறத் தொடங்கிவிடும்.

கடைசியாக, அண்டை அயலாரின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் கோபுரம் என்று இருந்தால் இறந்தோரை எழுப்பும் மந்திரவாதிகள் அருகில் இருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் தாய்நாகரிகம் அந்த உலகின் வரலாற்றிலேயே அழிந்துபோயிருந்தால், முதல் இரண்டு குழுக்களுக்குப் பிறகு புதிய குடியேறிகள் வரமாட்டார்கள், இலையுதிர்காலத்தில் வரவேண்டிய குள்ளர் வணிகரும் வரமாட்டார்கள். தனித்தீவில் இறங்கினால் மனித வணிகர்களும், எல்ஃப் என்னும் வனவாசி இனத்து வணிகர்களும் எட்டிப்பார்க்கமாட்டார்கள். மரமில்லாத நிலத்தைத் தேர்ந்தெடுப்பவர் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்: எல்ஃப்கள் அண்டையில் இருந்தால் வசந்தகாலத்தில் மரக்கட்டைகளை அவர்களிடம் வாங்கலாம், அவர்களும் இல்லையென்றால், கட்டிலுக்கும் பீப்பாய்க்கும் வேண்டிய கட்டைகளைப் புறப்படும்போதே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.