ஹாலி வால்நட்சத்திரத்தின் பாதையை நூலும் ஆணியும் வைத்து அளவு பிசகாமல் வரைவது எப்படி?

வால்நட்சத்திரத்தின் பாதை என்றதும் முட்டை வடிவம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஹாலியின் பாதை வெள்ளரிப்பிஞ்சு மாதிரி நீண்டது. சூரியன் அதன் ஒரு நுனியை ஒட்டி இருக்கிறது. இதை ஒருமுறை கையால் வரைந்து பார்த்தால், ஒரு சுற்றுக்கு அது எடுக்கும் சுமார் 76 ஆண்டில் பெரும்பகுதி எங்கே கழிகிறது என்பது தானாக விளங்கிவிடும்.

நமது அளவுகோல்: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் (சுமார் 15 கோடி கி.மீ.) = 3 செ.மீ. அதாவது தாளில் 1 செ.மீ. என்பது 5 கோடி கி.மீ.

56 × 71 செ.மீ. சார்ட் பேப்பர் இரண்டை நீளவாக்கில் விளிம்போடு விளிம்பாக வைத்து, டேப்பை அடிப்பக்கம் ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் பென்சில் அந்த இடத்தில் வழுக்கும். தாளுக்கு அடியில் பிளைவுட் பலகை வேண்டும். தெர்மாகோலில் ஆணி சாய்ந்துவிடும். தாளின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, இடது ஓரத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி அதன்மேல் மெல்லிய ஆணி ஒன்றை அடியுங்கள். இது சூரியன். அதே கோட்டில் சரியாக 103.5 செ.மீ. தள்ளி இரண்டாவது ஆணி. அந்த இடத்தில் விண்வெளியில் எதுவும் இல்லை. ஹாலியின் பாதை போன்ற நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் (வடிவத்தைத் தீர்மானிக்கும் உள்புள்ளிகள்) உண்டு என்பதால் மட்டுமே இந்த ஆணி.

அடுத்தது நூல். சாக்கு தைக்கும் முறுக்கு நூல் நல்லது. நைலானும் கம்பளி நூலும் இழுக்க இழுக்க நீளும். மொத்தச் சுற்றளவு 210.5 செ.மீ. வரும்படி வளையமாக முடியுங்கள். சரிபார்ப்பது எளிது: வளையத்தைச் சூரிய ஆணியில் மாட்டி, இரண்டாவது ஆணியைத் தாண்டி விறைப்பாக இழுத்தால் அது 1.75 செ.மீ. மட்டுமே வெளியே நீள வேண்டும். இந்த முடிச்சில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. வளையம் 1 செ.மீ. கூடிப்போனால் சூரியனை ஒட்டிய நுனி 1.76 செ.மீ.யிலிருந்து 2.26 செ.மீ.க்குப் போய்விடும். புதனுக்கும் வெள்ளிக்கும் இடையே திரும்ப வேண்டிய வால்நட்சத்திரம் வெள்ளியின் பாதைக்கு வெளியிலேயே திரும்பிவிடும்.

வளையத்தை இரு ஆணிகளிலும் மாட்டி, பென்சிலை உள்ளே விட்டு, ஒரே விறைப்பில் மேல் பாதியை வரையுங்கள். பிறகு கீழ்ப் பாதி. நுனிகளில் நூல் ஆணியில் மேலேறும், அதனால் அங்கே மெதுவாகப் போங்கள். நீளம் 107 செ.மீ., நடு அகலம் 27 செ.மீ. வந்தால் படம் சரி.

சூரியனை மையமாக்கி பூமிக்கு 3 செ.மீ., வியாழனுக்கு 15.6 செ.மீ. ஆரத்தில் வட்டங்கள், நெப்டியூனுக்கு 90 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் போதும். ஹாலியின் தளம் கோள்களின் தளத்துக்குச் சுமார் 18 பாகை சாய்ந்தது. ஆகவே தாளில் கோடுகள் வெட்டிக்கொண்டாலும் வானில் அங்கே மோதல் இல்லை.

இனி காலத்தைக் குறிப்போம். சூரிய ஆணியிலிருந்து வரைந்த பாதைக்கு ஸ்கேலை வைத்து அளந்து, கீழ்ப் பாதியில் தேதிகளை எழுதுங்கள்: 1986 பிப்ரவரி 9 அன்று 1.76 செ.மீ.; 1987 பிப்ரவரியில் 14.7, 1991-இல் 43, 1996-இல் 64, 2006-இல் 90, கடைக்கோடியை அடைந்த 2023 டிசம்பரில் 105. இந்தப் புள்ளிகளைச் சற்று நேரம் பாருங்கள். முதல் ஓராண்டில் ஏறக்குறைய வியாழன் தூரத்துக்கு ஓடிய அதே பொருளுக்கு, கடைசி 15 செ.மீ. வெளியே நகர 18 ஆண்டு பிடித்திருக்கிறது. சூரியனருகே அதன் வேகம் நொடிக்கு சுமார் 54 கி.மீ.; கடைக்கோடியில் 1 கி.மீ.கூட இல்லை. சம காலத்தில் சம பரப்பு என்ற கெப்ளரின் இரண்டாம் விதி இதுதான்: சூரியனிலிருந்து இழுத்த கோடு நீளமாக இருக்கும்போது, அதே அளவு பரப்பைக் கடக்க அது சிறிதே நகர்ந்தால் போதும்.

மேல் பாதியில் அதே தூரங்களைத் திருப்பி எழுதுங்கள்: 2041-இல் 90, 2051-இல் 64, 2056-இல் 43, 2060 ஜூலையில் 14.7, 2061 ஜூலை 28 அன்று மறுபடி 1.76.

வாலைச் சூரியனிலிருந்து ஏறக்குறைய 9 செ.மீ.க்குள் மட்டும் வரையுங்கள். உறைபனி நேரே ஆவியாகி, தூசியை இழுத்துக்கொண்டு வலுவாக வெளியேறுவது அந்த எல்லைக்குள்தான். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். அயனி வால் (மின்னேற்றம் பெற்ற வாயு) நீலத்தில், நேர்கோடாக. தூசி வால் வெளிர்மஞ்சளில், பாதையில் பின்தங்கி லேசாக வளைந்து. ரயில் புகை போல எப்போதும் பின்னால் வரைவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. சூரியனை விட்டு விலகும்போது வால் முன்னே போகும், தலை பின்னே வரும். கீழ்ப் பாதியில் 5 செ.மீ. தூரத்தில் ஒரு தலையை வைத்து, 1 செ.மீ. வாலை வெளிப்பக்கமாக வரைந்தால் இது பளிச்சென்று தெரியும். அந்த 1 செ.மீ. 5 கோடி கி.மீ. நீளம். அதைக் கிளப்பிவிடும் கருவோ (தலையின் நடுவில் உள்ள உறைபனி, தூசிக் கட்டி) சுமார் 15 கி.மீ. நீளம்தான், எந்தப் பென்சில் முனையாலும் இந்தத் தாளில் அதை வைக்க முடியாது.