அப்பாவின் பிரஷரை போனுக்குள் கொண்டுவருவது எப்படி

போன மாங்காய் சீசனில் 1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி அப்பாவின் கையில் கட்டிவிட்டேன். அவர் இராயக்கோட்டை பக்கம், எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. துடிப்பு, ஆக்சிஜன், பிரஷர் எல்லாம் காட்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அப்பா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "டேய், இதை அந்த மாங்காய்க்குக் கட்டு" என்றார். கட்டினேன். பெங்களூரா மாங்காய்க்கு பிரஷர் 121/79.

வாட்சின் அடியில் எரியும் பச்சை விளக்கு, தோலுக்குள் ரத்தம் ஏறி இறங்குவதை வெளிச்சத்தில் பார்க்கிறது. துடிப்பை எண்ண அது போதும். பிரஷருக்குப் போதாது. சாம்சங் வாட்சில்கூட 28 நாளுக்கு ஒருமுறை, கையில் பட்டை கட்டும் மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள். ஊசி குத்தாமல் சுகர் காட்டும் வாட்ச் என்று யாராவது விற்றால் வாங்கவே வேண்டாம். மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: மெஷின். புஜத்தில் பட்டை கட்டும், புளூடூத் உள்ள மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டு வகை எனக்குப் பிடிக்காது, கை கொஞ்சம் கீழே இறங்கினாலே எண் மாறிவிடும். வாங்குமுன் புஜத்தின் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பட்டை சின்னதாக இருந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

படி 2: மெஷினுக்கான ஆப்பை இறக்கி அக்கவுண்ட் தொடங்குங்கள்.

படி 3: இணைப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில்தான் போனது. புளூடூத் என்றதும் ஹெட்செட்டை இணைப்பதுபோல போன் செட்டிங்ஸில் போய் மெஷினை இணைத்தேன். 'இணைந்தது' என்று வந்தது, ஆனால் ஆப்பில் ஒரு ரீடிங்கும் ஏறவில்லை. பேட்டரி மாற்றினேன், ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன், மூன்று டீ குடித்தேன். தப்பு என்னவென்றால், இதை ஆப்புக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். என்னைப்போல மாட்டிக்கொண்டால் போன் செட்டிங்ஸில் அந்த மெஷினுக்கு 'ஃபர்கெட்' கொடுங்கள். ஆப்பைத் திறந்து 'சாதனம் சேர்' வழியாக மறுபடி போங்கள். அப்போதும் மெஷின் கண்ணில் படவில்லையா? ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி வேண்டும். அதற்கு முந்தைய போன் என்றால் லொகேஷனை ஆன் செய்ய வேண்டும். பிரஷர் மெஷினுக்கு லொகேஷன் எதற்கு என்று நானும் சந்தேகப்பட்டு அணைத்தே வைத்திருந்தேன். பழைய ஆண்ட்ராய்டில் புளூடூத்தில் தேடவே அந்த அனுமதி கட்டாயம்.

படி 4: அளப்பது. டீ, பீடி முடிந்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். பட்டை நெஞ்சு உயரத்தில், சட்டைமேல் இல்லாமல். முக்கியமாகப் பேசக் கூடாது. மண்டியில் தக்காளி என்ன விலை போனது என்று சொல்லிக்கொண்டே கையைக் கொடுத்தபோது அப்பாவுக்கு மேல் எண் 152. வாயை மூடி உட்கார்ந்தபோது 138. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் எடுங்கள். வீட்டில் சராசரி 135/85 அல்லது அதற்குமேல் நின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டிய கணக்கு. மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

படி 5: ஓசூருக்கு வரவழைப்பது. ஆண்ட்ராய்டு 14 முதல் ஹெல்த் கனெக்ட் போனிலேயே இருக்கிறது. அதை ஆன் செய்தால் ரீடிங் என் போனுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். வராது. ஒரே போனில் இருக்கும் ஆப்களுக்குள் தகவலைப் பகிரத்தான் அது, தானாக இன்னொருவர் போனுக்கு அனுப்பாது. அதனால் எளிய வழி: ஆப்பில் வாராந்திர அறிக்கையைப் பிடிஎஃப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஞாயிறு காலை தங்கச்சி அனுப்பிவிடுகிறாள்.

கூடவே ஒரு நோட்டும் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அக்கா ஆப்பைப் பார்ப்பதில்லை, நோட்டைத்தான் புரட்டுகிறார். அந்தத் திட்டமே 2021 ஆகஸ்ட் 5-ல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது.

பிற்சேர்க்கை 1: "ஆப்பில் ரீடிங் ஒரு வாரம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். ஆப் தகவலில் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: அப்பாவுக்குத் திடீரென்று 108/70 வந்து பதறிப்போய் போன் செய்தேன். அது அம்மா தனக்கு அளந்துகொண்டதாம். மெஷினில் 1, 2 என்று ஆளுக்கொரு பட்டன் இருக்கிறது. அம்மா 2-ஐ அழுத்த வேண்டும். இப்போது 2-ன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது.