பாரிஸ் பேக்கரியில் முதல்முறை ரொட்டி வாங்குவது எப்படி?

பாரிஸ் போனால் அருங்காட்சியகங்களுக்கு முன்பதிவு செய்வதோடு, தங்கும் தெருவில் நல்ல பேக்கரி எது என்றும் பார்த்து வையுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாலைந்து சொற்கள் போதும்.

1. முதலில் கடைப் பலகையைப் பாருங்கள். ‘பூலான்ஜெரி’ (ரொட்டிக்கடை) என்று இருக்க வேண்டும். 1998-இல் வந்த சட்டப்படி, மாவு பிசைவது முதல் சுடுவது வரை அங்கேயே செய்கிற கடைதான் அந்தப் பெயரை வைக்கலாம். உறையவைத்த மாவு எந்தக் கட்டத்திலும் கூடாது. ஆனால் இந்த விதி ரொட்டிக்கு மட்டும்தான். அடுக்கடுக்காக இருக்கும் வெண்ணெய்ப் பலகாரமான க்ரொசானை வெளியிலிருந்து வாங்கிச் சுட்டு விற்கிற கடைகளும் உண்டு.

2. காலையில் சீக்கிரம் போங்கள், க்ரொசான் அப்போதுதான் சூடாகக் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாளாவது பல கடைகளுக்கு விடுமுறை. ஆகஸ்டில் வாரக்கணக்கில்கூட மூடிவிடுவார்கள். நேரம் கதவிலேயே ஒட்டியிருக்கும்.

3. நுழைந்ததும் “போன்ஜூர்”. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வணக்கம் சொல்லாமல் நேராக ரொட்டி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. ரொட்டியைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், கை காட்டினால் அவர்களே எடுத்துத் தருவார்கள்.

4. எதைக் கேட்பது? சும்மா பாகெட் (கோல்போல் நீளமான ரொட்டி) என்று கேட்காதீர்கள். “யூன் ட்ரடிசியோன், சில் வூ ப்ளே” என்று கேளுங்கள், பாரம்பரிய முறையில் செய்த பாகெட் ஒன்று கொடுங்கள் என்று அர்த்தம். சில காசுகள்தான் கூட ஆகும். 1993-இல் வந்த அரசாணைப்படி இதில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்க ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அடிப்படை. செயற்கைச் சேர்க்கை எதுவும் கூடாது. பிட்டுப் பாருங்கள்: மேலே தவிட்டு நிறத்தில் அப்பளம்போல் நொறுங்கும், உள்ளே வெண்ணெய் நிறத்தில், சிறிதும் பெரிதுமாகக் கண் கண்ணாக இருக்கும். லேசான புளிப்பு வாசம் வரும். நன்றாகச் சிவந்தது வேண்டுமானால் “பியான் குயித்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறீர்களா? பாதியும் வெட்டித் தருவார்கள்.

இந்த ட்ரடிசியோனுக்குத்தான் பாரிஸ் நகராட்சி ஆண்டுதோறும் போட்டி வைக்கிறது. 2023-இல் வென்றவர் இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தர்ஷன் செல்வராஜா. வெல்கிறவர் ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். செல்வராஜாவின் கடை பாரிஸின் 20-ஆம் வட்டாரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அவசியம் எட்டிப் பாருங்கள்.

5. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: க்ரொசான் மேல் பெரும்பாலும் முட்டை தடவியிருப்பார்கள். கீஷ் லொரேன் என்ற கார வகைப் பலகாரத்தில் பன்றி இறைச்சி இருக்கும். நுரைபோல் மெத்தென்ற மூஸ் வகைக் கேக்குகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். ட்ரடிசியோனுக்கு இந்தக் கவலையே இல்லை.

6. “எ அவெக் செசி?” என்றால் வேறென்ன வேண்டும் என்று அர்த்தம். போதுமென்றால் “செ தூ, மெர்சி”. கொஞ்சம் சில்லறை யூரோ கையில் இருக்கட்டும், சின்னத் தொகைக்குச் சில கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள்.

7. வெளியே வந்ததும் ரொட்டியின் முனையைக் கிள்ளி வாயில் போடுங்கள், அங்கே எல்லோரும் செய்வதுதான். மிச்சத்தைக் காகிதப் பையிலேயே வையுங்கள், பிளாஸ்டிக்கில் வைத்தால் மேல் ஓடு தளர்ந்துவிடும். மறுநாள் இறுகிவிடும், அப்புறம் குறுக்கே வெட்டி வாட்டி வெண்ணெய் தடவித்தான் சாப்பிட வேண்டும்.