ஐப்பசி மழைக்கு முன் கூரை கூட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

புரட்டாசி பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் கூரை கூட்ட ஆள் தேடுவார்கள். ஆடிக்காற்று கொண்டுவந்த வேப்பிலையும் செம்மண் புழுதியும் ஓட்டு மடிப்புகளில் அப்பிக் கிடக்கும். அதை அப்படியே விட்டால் முதல் பெருமழையில் தண்ணீர் வழி கிடைக்காமல் ஓட்டுக்கு அடியில் புகுந்து, ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தில் இறங்கும். ஆகக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் நன்றாக இருந்த ஓட்டை மிதித்து உடைத்து, கூட்டிய பிறகு ஒழுக ஆரம்பித்த வீடுகளும் நிறைய உண்டு.

கூரையில் ஆரம்பிப்பது

முதல் தவறு இதுதான். ஏணியைச் சாத்தி நேரே மேலே ஏறிவிடுகிறார்கள். கூரைத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்து, அந்தக் கடைசி இடத்திலிருந்து மேல்நோக்கி வேலை செய்யவேண்டும். செட்டிநாட்டு வீட்டில் உள்சரிவுகளின் தண்ணீர் எல்லாம் வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றமான வளவு வாசலில் விழுந்து, தரைக்கு அடியில் போகும் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வரும். தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும்படிதான் அந்தக் காலத்தில் ஊரையே அமைத்தார்கள். இன்றைக்குப் பல தெருக்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் ரோடு உயர்ந்து, அந்த வாய்க்காலின் வாய் புதைந்து கிடக்கிறது. மேலே எவ்வளவு சுத்தமாகக் கூட்டினாலும் தண்ணீர் வளவில் தேங்கி, உயர்த்திக் கட்டிய பட்டாலைக் கூடத்துக்கு ஏறிவிடும்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போடுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். நிமிடத்துக்கு 83 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் ஐந்தரை வாளி. வளவு வாசலில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு வாளி தண்ணீரைக் கொட்டி, தெருவில் ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்காமல் வெளியே வந்தால் மேலே ஏறலாம். சொட்டுச் சொட்டாக வந்தால் வாய்க்காலைத் தோண்டி எடுத்த பிறகுதான் ஏணி.

அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பழைய சுட்டமண் குழாய் ஒரே குத்தில் விரிசல் விட்டு, அதன் பிறகு சுவருக்குள் கசியும். வளைந்து கொடுக்கும் மூங்கில் பிளாச்சோ பழைய தோட்டத்து ஹோஸோ போதும். அதையும் வெளிவாயிலிருந்து உள்நோக்கி விடுங்கள். மேலிருந்து தள்ளினால் அடைப்பு இறுகும். வாயில் வலை போடுவதானால் கொசுவலை வேண்டாம். வேப்பங்காம்பு நாலு சேர்ந்தாலே அது மூடிக்கொள்ளும். அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையைக் கிண்ணம் கவிழ்த்த வடிவில் வளைத்து வையுங்கள்.

இன்னொரு வகைக் கோளாறு பங்காளி வீடுகளில் நடக்கும். அவரவர் பங்குக் கூரையை மட்டும் கூட்டிவிட்டுப் போவார்கள். கூட்டாத பங்கின் சருகு முதல் மழையிலேயே அடித்துவந்து, எல்லாருக்கும் பொதுவான உள்மூலைத் தகரத்தை, அதாவது இரண்டு சரிவு சேரும் இடத்தில் தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலை, அடைக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முழுக்கூரையையும் ஒரே நாளில் கூட்டுவதே நல்லது.

குவித்து வைப்பது

"ஓரமாக் குவிச்சு வைங்க, நாளைக்கு இறக்கிக்கலாம்" என்பது அபாயமான பேச்சு. சருகு எடை இல்லாததுதான். அதோடு சேர்ந்த வண்டல் அப்படியில்லை. நனைந்த வண்டல் 5 செ.மீ. கனத்துக்குப் பரவிக் கிடந்தாலே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ வரும். ஒரே மூலையில் முழங்கால் உயரத்துக்குக் குவித்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ராத்திரி மழை பெய்தால் அது தண்ணீர் வெளியேறும் தூம்புவாயையும் அடைத்து, மொட்டைத் தளத்தில் தண்ணீரைக் கட்டும். 20 அடிக்கு 15 அடித் தளத்தில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 2,800 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆள் நடமாடும் புதுக் கான்கிரீட் தளத்துக்கே இந்தியத் தர நிர்ணயத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோதான் கணக்கு. மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய, நூறு வருடத்துக்கு முந்தைய மெட்ராஸ் டெரஸ் தளம் அந்தக் கணக்குக்குக் கட்டப்பட்டதே இல்லை. சுவருக்குள் போகும் அதன் தேக்குச் சட்டங்களின் நுனி எந்த நிலையில் இருக்கிறது என்பது கீழேயிருந்து பார்த்தால் தெரியாது.

கூட்டுவதற்கு முன் தூம்புவாயில் ஒரு சாக்கைத் திணித்துவிடுங்கள். முகட்டிலிருந்து கீழ்நோக்கி ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, தகரத்துக்கு ஒரு முழம் மேலேயே முறத்தில் அள்ளுங்கள். சாக்கில் பாதிக்கு மேல் போடாமல் கயிற்றில் இறக்குங்கள். மேல்தளத்துக் குப்பையைக் கீழே இருக்கும் தாழ்வாரத்து ஓட்டில் தள்ளிவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கடைசியில் தூம்புவாய்ச் சாக்கை எடுக்க மறந்துவிடாதீர்கள். இது சிரிப்பதற்கில்லை, நடக்கிற விஷயம்.

சருகோடு போகட்டும் என்று ஓட்டையும் பிரித்து மாற்றுகிறவர்கள் ஒரு பக்கச் சரிவை முழுவதும் காலி செய்துவிட்டு மறுபக்கம் போகிறார்கள். ஒரு பக்கம் பாரம் இல்லாமல் மறுபக்கம் முழுப் பாரமும் நின்றால் கைமரம் முகட்டைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு பக்கமும் நாலைந்து வரிசையாக மாற்றி மாற்றிப் பிரியுங்கள்.

காலை வைக்கும் இடம்

கையால் செய்த மெல்லிய நாட்டு ஓட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. மூங்கில் ஏணி ஒன்றைச் சரிவில் படுக்கவைத்து, அடியில் சாக்கு மடித்துப் போட்டு, தலைப்பக்கத்தைக் கயிற்றால் முகட்டுக்கு மறுபக்கம் கொண்டுபோய்த் தூணில் கட்டி, அதன்மேல் இருந்து வேலை செய்யவேண்டும். மெஷினில் அழுத்திச் செய்த தட்டையான சீமை ஓடு கொஞ்சம் தாங்கும். அதிலும் நடு ஓட்டை மிதித்தால் உடையும். மேல் ஓடும் கீழ் ஓடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில்தான் அடியில் ரீப்பர் என்ற குறுக்குச் சட்டம் இருக்கும், அங்கே முன்பாதத்தை வையுங்கள்.

மிக மோசமான விபத்து கண்ணாடி ஓட்டில் வரும். இருட்டு அறைக்கு வெளிச்சம் வர அங்கங்கே வைத்த கண்ணாடி ஓடு, பத்து வருடச் சருகுக்கு அடியில் மற்ற ஓடு மாதிரியே கிடக்கும். ஏறும் முன் அறைக்குள் நின்று எத்தனை இருக்கிறது, எந்த வரிசையில் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதன்மேல் ஆளே போகவேண்டாம்.

முடிந்ததும் சந்தேகமான ஓட்டை விரல்முட்டியால் தட்டுங்கள். நல்ல ஓடு கணீரென்று கேட்கும், கீறல் விட்டது மொத்தென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட இதில் பிடிபடும்.

ஏணி, கயிறு, கரண்ட்

ஆத்தங்குடிக்கல் தரையில் ஏணியின் கால் வழுக்கும். ரப்பர் மேட் போட்டு, கீழே ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற சாய்வு, மேல்நுனி கூரை விளிம்பைத் தாண்டி மூன்று அடி. விளிம்பு ஓட்டிலோ தகரத்திலோ சாத்தாமல் சுவரில் சாத்துங்கள். இடுப்பில் மட்டும் கயிறு கட்டுவது பாதுகாப்பில்லை. விழுந்தால் அந்தக் கயிறே வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் பெல்ட்தான் வேண்டும். முகட்டைத் தாண்டி மறுபக்கத்துத் தூணில் கட்டிய கயிற்றில், தொய்வு இல்லாமல் மாட்டுங்கள்.

கூரையை ஒட்டி வரும் மின்வாரிய சர்வீஸ் வயரின் உறை வெயிலில் வெடித்திருக்கும். மெயின் சுவிட்சை அணைத்தால் அந்த வயரில் மின்சாரம் நிற்காது, ஏனென்றால் அது சுவிட்சுக்கு முந்தியது. வயர்மேனைக் கூப்பிட்டுக் கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லவேண்டும். பூட்டிய வீட்டுக் காவலாளியைத் தனியாக ஏறச் சொல்லாதீர்கள். கதண்டுக் குளவிக் கூடு தெரிந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். தேக்குக் கூரையில் பந்தம் காட்டுகிற வேலை வேண்டாம்.

நேரம் காலை பனி உலர்ந்ததிலிருந்து பத்தரை வரை. அதற்குமேல் ஓடு காலைச் சுடும், சாயங்காலம் இடி இறங்கும்.

பீய்ச்சி அடிப்பது, பூசி மறைப்பது

வண்டி கழுவும் பிரஷர் மெஷினைக் கூரைக்கு ஏற்றுவது இப்போதைய மோகம். அது தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஓட்டுக்கு அடியில் செலுத்தும், முகட்டு ஓட்டின் சுண்ணாம்பையும் கழுவிவிடும். பாசியைக் காயவிட்டுத் தேங்காய்நார் பிரஷால் தேய்த்தாலே உதிரும். ஆசிட் வேண்டாம், சுண்ணாம்பைக் கரைப்பதே அதன் வேலை.

தளத்துக் கீறலில் சிமெண்ட் பூசுவது அடுத்த தவறு. சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் குளிருக்கும் அசையும். கெட்டியான சிமெண்ட் அதோடு அசையாமல் ஓரத்தில் பிரிந்து, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் மரச்சட்டத்தை உளுத்துப்போக வைக்கும். சுண்ணாம்புக் காரைதான் சரி. ஆனால் அது இறுக வாரக்கணக்கில் ஆகும். தீபாவளிக்கு முந்தின வாரம் பூசினால் மழை கரைத்துக்கொண்டு போகும். ஆகவே பழுது பார்ப்பது ஆவணியில், கூட்டுவது புரட்டாசிக் கடைசியில் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுவர் இடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினால் காரையும் செங்கல்லும் சேர்ந்து வரும், வேர் மட்டும் உள்ளேயே தங்கித் துளிர்க்கும். விரற்கடைக் கன்றானால் இடத்தை நனைத்து மெதுவாக எடுக்கலாம். தடித்துவிட்டால் கொத்தனாரை வைத்து இடுக்கைத் திறந்து, வேரை முழுக்க எடுத்து, சுண்ணாம்புக் காரையால் அடைக்கவேண்டும்.

மழை பிடித்த பிறகு

தளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று கொட்டும் மழையில் நாலு பேர் ஏறுவது, இருக்கிற பாரத்தோடு இன்னொரு 250 கிலோவைச் சேர்ப்பது. கீழே அறையை முதலில் காலி செய்யுங்கள். சுண்ணாம்புப் பொடி உதிர்வது, கதவு திடீரென்று இறுகுவது, மரம் நெரிபடும் சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் யாரும் மேலே போகக்கூடாது. எதுவும் இல்லையென்றால், வெளிப்பக்கம் சுவரில் சாத்திய ஏணியிலிருந்து, இடி நின்ற பிறகு, நீளக் காய்ந்த மூங்கிலால் தூம்புவாயை மட்டும் கிளறிவிடலாம்.

முதல் மழை ஓய்ந்ததும் டார்ச்சோடு உள்ளே போய்க் கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருக்காது. தண்ணீர் மரத்தோடு வழிந்து வந்திருக்கும். ஈரத்தடம் மேலே எங்கே தொடங்குகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்து, தேதியும் எழுதுங்கள். இரண்டு நாள் வெயில் கண்டு கூரை காய்ந்ததும், அந்தக் குறிக்கு நேர் மேலிருக்கும் ஓட்டை மட்டும் மாற்றினால் போதும்.