சோற்றுக்குப் பழகிய பூனையை இறைச்சிக்கு மாற்றிய விதம்

கல்முனையில் எங்கள் அயல் வீட்டார் இடம்பெயர்ந்து சென்றபோது எங்களிடம் விட்டுச்சென்ற பூனை, மீன் ஆணம் ஊற்றிப் பிசைந்த சோற்றைத் தவிர வேறெதையும் தொடாமல், மெலிந்து, மயிர் உதிர்ந்து காணப்பட்டது. பூனை ஊனுண்ணி, அதன் இதயத்துக்கும் விழித்திரைக்கும் இன்றியமையாத டோரின் என்னும் சத்து சோற்றில் இல்லை. ஆணத்திலுள்ள வெங்காயம் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் என்பதால் முதலில் ஆணத்தை நிறுத்தினேன்.

உணவைத் திடீரென மாற்றினால் பூனை பட்டினி கிடக்குமேயன்றி இறங்கி வராது. ஆகவே சோற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உப்பும் மிளகாயும் சேர்க்காமல் அவித்த கோழி இறைச்சியையும் கோழி இதயத்தையும் கூட்டினேன். டோரின் நீரில் கரைவதால் அவித்த நீரையும் கொட்டாமல் அதனுடனேயே கொடுத்தேன். மலிவாகக் கிடைக்கும் சூடை மீனைப் பச்சையாகப் போடுவோர் இங்கு பலர். ஆனால் அத்தகைய மீன்களிலுள்ள தயமினேஸ் என்னும் நொதியம் உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கும், அவித்தால் அது செயலிழந்துவிடும். ஈரலை அது எவ்வளவு விரும்பினாலும், உயிர்ச்சத்து ஏ மிகாதிருக்க, எப்போதாவது ஒரு சிறு துண்டுதான்.

எலும்பில்லாத இறைச்சியில் கல்சியம் போதாது என்பதால், கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி பூனைகளுக்கான உலர் உணவையும் சேர்த்தேன். மயிர் மீண்டும் அடர்ந்துவிட்டது. கடற்காற்றின் ஈரத்தில் உலர் உணவு விரைவில் பூஞ்சணம் பிடிப்பதால், அதை இறுக மூடிய பேணியிலேயே வைக்கிறேன்.