மலைச்சரிவுக் கட்டடங்களின் அவசர வழி: உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையக நகரங்களான ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிரதான வீதியில் நின்று பார்க்கும்போது இரண்டு மாடியாகத் தெரிகின்ற கட்டடம், பின்பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் ஐந்து மாடியாக நிற்கும். சரிவில் கட்டினால் அப்படித்தான் அமையும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தீப்பிடித்தால் எல்லோரும் படியிறங்கித் தப்பிவிடுவார்கள் என்று சமதரைக் கட்டடத்துக்குப் போடும் கணக்கையே இங்கும் போடுவதுதான் முதலாவது தவறு. வீதி மட்டத்துக்குக் கீழேயுள்ள தளங்களில் தங்கியிருப்பவர்கள் தப்புவதற்கு மேலே ஏறி வர வேண்டும். புகையும் அதே படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும். நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை மூச்சை அடைத்துவிடும் என்பதால், கீழ்த்தளங்களுக்கு அந்தந்த மட்டத்திலேயே வெளியே திறக்கும் இன்னொரு கதவு இருந்தாக வேண்டும்.

அப்படிக் கதவு வைத்தவர்களில் பலர், கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நான் பார்த்த ஒரு தங்குமிடத்தில் பின்கதவு நன்றாகவே இருந்தது. பச்சை நிறப் பலகையும் மாட்டியிருந்தார்கள். திறந்தால் இரண்டடி அகலத்தில் ஒரு கொங்கிரீட் திட்டு, அதற்குக் கீழே ஏறக்குறைய பன்னிரண்டு அடி உயரத்துக்குக் மண்ணைத் தாங்கும் கருங்கல் அணைகட்டு, அதன் அடியில் கான், அதாவது வடிகால். அந்தக் கதவால் வெளியேறுகிறவர் தீயிலிருந்து தப்பிக் கானுக்குள் விழுவார். அவசர வழி என்பது கதவோடு முடிவதில்லை; வீதியையோ, ஆட்கள் கூடி நிற்கக்கூடிய திறந்த வெளியையோ சென்றடையும் வரை கைப்பிடி உள்ள படியும் பாதையும் தொடர வேண்டும். அந்தப் பாதை பக்கத்துக் காணிக்குள்ளால் போகிறது என்றால், வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள். காணி கைமாறிய மறுமாதமே அங்கே மதில் எழும்பிவிடலாம்.

கீழே கடையும் மேலே போர்டிங் அறைகளுமாக உள்ள கட்டடங்களில் இன்னொரு தவறு சாதாரணமாகிவிட்டது. மாடிப்படி கடைக்குள் இறங்குகிறது. இரவானதும் கடைக்காரர் ஷட்டரை இழுத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். மேலே உறங்குகிறவர்கள் விடியும்வரை அடைபட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைக்குள் ஆட்கள் இருக்கும்போது கதவுகளை உள்ளிருந்து உடனடியாகத் திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. தூங்குகிற மனிதருக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்புப் போதும் என்று எண்ண நியாயமில்லை. சாவி தேவைப்படாமல் கையால் திருகித் திறக்கும் தாழ்ப்பாளும், கடையைத் தொடாமல் தனியாக வெளியே இறங்கும் படியும் வேண்டும். திருடனுக்குப் பயந்து எல்லா யன்னல்களுக்கும் கம்பி அடித்திருந்தால், அறைக்கு ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக மாற்றுங்கள்.

இனி வெளிப்புற இரும்புப் படி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனியும் தூறலும் இரும்பை உலரவே விடுவதில்லை. உரிமையாளர் ஏப்ரல் வசந்தகாலத்துக்கு முன்பு புதுப் பெயின்ட் அடித்து, வேலை முடிந்தது என்கிறார். துருவுக்கு மேல் அடித்த பெயின்ட் துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது. அதிலும் பாக்ஸ் பார் எனப்படும் உள்ளீடற்ற சதுரக் குழாய் கொண்டு ஒட்டிய படிகளில் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து உள்ளிருந்தே அரிப்பதால், வெளியே மினுங்குகின்ற சட்டம் உள்ளே பிஸ்கட் போலாகியிருக்கும். ஒரு சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். படித்தட்டு சட்டத்தோடு சேரும் மூலைகளையும், படியைச் சுவரில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் திருப்புளியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். இவை நீங்களே செய்யக்கூடியவை. படி பாரம் தாங்குமா என்பதைப் பட்டயப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும், ஒட்டிய வெல்டிங் பாஸ் அல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டுள்ள பன்னாட்டுத் தீக் கோவை, இத்தகைய படிகளை 5 ஆண்டுகளுக்கு ஒரு தடவை தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது; ஆயினும் இந்த ஈரத்துக்கு 5 ஆண்டு என்பதே நீண்ட இடைவெளி என்பது என் எண்ணம்.

படிக்கட்டின் அடியில் விறகு, பழைய மெத்தை, எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இன்றே அகற்றுங்கள். தீயணைப்புக் கருவியை அடுப்புக்கு மேலேயே மாட்டினால், அடுப்பு பற்றியெரியும்போது அதை எடுக்க முடியாது. வெளியேறும் கதவருகே மாட்டுங்கள். மாதம் ஒரு தடவை அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பதோடு, ஆண்டுக்கு ஒரு தடவை பராமரிப்புக்கும் கொடுக்க வேண்டும். காபனீரொட்சைட்டுக் கருவியில் அழுத்தமானி இருக்காது. அதைத் தராசில் எடை நிறுத்துப் பார்த்துத்தான் வாயு குறைந்திருப்பதை அறியலாம்.

லயன்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறையில், பற்றிய தீ வரிசை முழுவதையும் எரித்த கதை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். இடைச்சுவர் கூரைத் தகரம்வரை எட்டாமல் நின்றுவிட்டால் தீ மேலால் தாவிப் போகும். இதே இடைவெளி பல நகரக் கடைவரிசைகளில் சீலிங் பலகைக்கு மேலே ஒளிந்திருக்கிறது. ஒரு பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

கடைசியாக, காகித வேலை. சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படி கட்டியிருப்பதையே உறுதிப்படுத்துகிறது. களஞ்சியமாக அனுமதி பெற்ற தளத்தைப் பிறகு பலகையால் பிரித்து எட்டு அறைகளாக்கினால், அந்தப் பழைய சான்றிதழ் அதற்குச் செல்லாது. பயன்பாட்டை மாற்றுவதற்கு முன்பே உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையிடம் அனுமதி கேளுங்கள். மாற்றிய பிறகு கேட்டால் இடித்துக் கட்டும் செலவும் சேரும்.

இவையெல்லாம் முடிந்த பின்பு ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கட்டடத்துக்குப் பழக்கமில்லாத ஒருவரை அடித்தளத்து அறையிலிருந்து வெளியே வரச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் வழி காட்டாதீர்கள். அவர் எந்த வளைவில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறாரோ அங்கேதான் பற்றரியில் எரியும் அவசர விளக்கைப் பொருத்த வேண்டும்.